வலது ஓரத்தில் ஓர் எழுத்து

தொழிற்சாலையில் அவருக்குப் புள்ளி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கொதிகலன்களுக்கான குழாய்களை வெல்டிங் செய்து இணைக்கிற தொழிற்சாலை அது. இணைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமைப் பார்த்து, உள்ளே பழுது உண்டா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. வெளியே வழவழவென்று இருக்கிற இணைப்பின் வயிற்றுக்குள் கடுகில் பாதியளவு காற்று அடைபட்டிருந்தாலும் ஃபிலிமில் அது கறுப்புப் புள்ளியாக வந்து நிற்கும். அதைச் சுற்றி அவர் ஒரு வட்டம் போட்டுவிட்டால் போயிற்று, அறுத்து எறிந்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். வெல்டர்களுக்கு அவர் வட்டம் என்றால் வயிற்றெரிச்சல். ஆனாலும் கிண்டலுக்குக் குறைவில்லை.

"பெரிய புள்ளி வராரு, வழி விடுங்கப்பா" என்பார் தலைமை வெல்டர். "நாங்க கஷ்டப்பட்டுப் பத்த வைப்போம், இவரு வந்து ஊதி அணைச்சிட்டுப் போவாரு."

"நீங்க பத்த வைக்கிறதுல கெட்டிக்காரர்னு உங்க வீட்டுலயும் சொன்னாங்க" என்பார் இவர், தலையை நிமிர்த்தாமல்.

இந்தக் கண்ணை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. பத்தாவதோடு படிப்பை விட்டு, இருட்டறையில் ஃபிலிம் கழுவுகிற வேலைக்கு வந்தவர். கழுவிக் காயப் போடும் ஒவ்வொரு ஃபிலிமையும் தானே முதலில் பார்த்து, பழுது உண்டு, இல்லை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்வார். மாலையில் ஆய்வாளரின் முடிவோடு ஒப்பிடுவார். முதல் மாதம் பாதிக்குப் பாதி தப்பு. ஆறாம் வருடம், தன் காகிதத்துக்கும் ஆய்வாளரின் முடிவுக்கும் வித்தியாசம் வந்தால் ஆய்வாளர்தான் தவறியிருப்பார் என்ற நிலைமை. பிறகு பரீட்சை எழுதித் தேறி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

படம் எடுக்கும்போது ஓரத்தில் ஈயத்தால் செய்த எழுத்துகளையும் எண்களையும் வைப்பார்கள். எந்தக் குழாய், எந்தப் பக்கம் என்பதை அந்த எழுத்துதான் சொல்லும். ஒருமுறை ஒரு ஃபிலிமைப் பார்த்த அவர், எழுத்து இடம் மாறியிருக்கிறது, அறுக்காதீர்கள் என்று ஓடிப்போய்த் தடுத்தார். மறுபடி படம் எடுத்தபோது பழுது பக்கத்துக் குழாயில் இருந்தது. அன்றைக்கு மேலாளர் எல்லோர் முன்னாலும், இனி இவர் சொன்னால் சொன்னதுதான் என்றார். அந்தப் பேச்சு அவர் மண்டையில் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. பின்னாளில் தன்னைத் தானே திட்டிக்கொண்டபோதெல்லாம் அவர் அந்த நாளில்தான் போய் முட்டுவார். அன்று மட்டும் அவர் சொன்னது தப்பாகப் போயிருந்தால், தன் குழந்தையின் ஏழு மாதம் வீணாகியிருக்காது என்று தோன்றும்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த பெண். குட்டி, கட்டி, சர்க்கரை என்று நாளொரு பெயர். எட்டாவது மாதத்தில் மனைவிதான் கவனித்தாள்: எதைக் கொடுத்தாலும் இடது கையால்தான் வாங்குகிறாள். வலது கை மூடியே இருக்கிறது, கட்டைவிரல் உள்ளே மடிந்திருக்கிறது. அவருடைய அண்ணி, இடக்கைப் பழக்கம் உள்ள குழந்தைகள் புத்திசாலிகள் என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள். இரண்டு கையின் அருமையும் தெரிந்தவள். விடவில்லை. குழந்தை மருத்துவர் கையைத் தொட்டுப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார். ஒரு வயதுக்கு முன்னால் ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது பழக்கம் இல்லை, ஏதோ காரணம் இருக்கும் என்றார். "வலது கையை ஆட்டி வைக்கிறது மூளையோட இடது பக்கம். அந்தப் பக்கத்தைப் பார்த்துடுவோம்" என்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்து எடுத்தார்கள். படத்தோடு மறு வாரம் வந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். மறு வாரம் வரை பொறுக்க முடியுமா? ஊரார் இரும்பையெல்லாம் படம் பார்த்துச் சொல்கிறவர், தன் பிள்ளையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதாவது! மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், தன் அறையின் கதவைச் சாத்திவிட்டு, விளக்குப் பெட்டியின் மேல் அந்த ஃபிலிமை விரித்தார்.

ஒரே தாளில் இருபது சின்னப் படங்கள். மருத்துவர் சொன்னபடி இடது பக்கத்தைப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்து, படம் படமாகப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. மூச்சு விட்டார். பிறகுதான் வலது பக்கத்துக்குக் கண் போயிற்று. அங்கே ஒரு கறுப்பு. கொண்டைக்கடலை அளவுக்கு, ஓரம் நெளிந்த கறுப்பு. உறையிலிருந்த இரண்டாவது தாளை எடுத்தார். அதே இடம், அதே வடிவம், ஆனால் வெள்ளை. இரும்பில் ஓட்டை என்றால் கறுப்பு. ஓட்டை எப்படி ஒரு படத்தில் கறுப்பாகவும் இன்னொன்றில் வெள்ளையாகவும் இருக்கும்? அப்போதுதான் எழுத்தைப் பார்த்தார். படத்தின் வலது ஓரத்தில், இடது பக்கத்தைக் குறிக்கும் 'எல்' என்ற எழுத்து இருந்தது.

அவருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதாக நினைத்தது அத்தனையும் தப்பு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. எழுத்து இடம் மாறியிருக்கிறது. உண்மையில் பழுது வலது மூளையில். அப்படியானால் சோர வேண்டியது இடது கை. இவளுக்கு இடது கை நல்ல வலுவோடு இருக்கிறது. ஆகவே இது இவளுடைய படமே இல்லை. வேறு ஏதோ ஒரு பாவப்பட்ட குழந்தையின் படம், பெயரும் அறிக்கையும் அதோடு சேர்ந்து மாறியிருக்கின்றன.

மாலையில் ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போனார். அறிக்கை எழுதிய டாக்டர் கிளம்பிவிட்டார். ரசீது போடுகிற பெண்ணிடம் ஃபிலிமைக் காட்டி, எழுத்து ஏன் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று கேட்டார். அவள் வரிசையைப் பார்த்தாள், ஃபிலிமைப் பார்த்தாள்.

"அது அப்படித்தான் சார் இருக்கும்."

தொழிற்சாலையில் இருபது வருடமாக அவர் கேட்டு வந்த பதில் அது. எழுத்தை ஏன் இங்கே வைத்தாய், குழாயை ஏன் திருப்பினாய் என்று கேட்டால், ஒன்றும் தெரியாதவன் சொல்கிற பதில். அதற்கு மேல் அவர் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், படம் மாறிவிட்டது, குழந்தையின் தலையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னார். அப்புறம் ஏன் கையைத் தூக்க மாட்டேன் என்கிறாள் என்று அவள் கேட்டாள். கையில் ஏதாவது சுளுக்காக இருக்கும், எண்ணெய் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். மறுபடி ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று அவள் இழுத்தாள். பச்சைக் குழந்தைக்கு இன்னொரு தடவை மயக்க மருந்தா என்று அவர் கேட்டார். அவள் முகம் ஏன் அப்படி வெளுத்தது என்று அவர் கவனிக்கவில்லை. கடுகில் பாதி தெரிகிற கண்ணுக்கு எதிரில் இருந்த முகம் தெரியவில்லை.

மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை ஃபோன் வந்தது. படத்தை எடுத்துக்கொண்டு வரவில்லையே என்று கேட்டார்கள். வருகிறோம் வருகிறோம் என்றார். யாரது என்று மனைவி கேட்டபோது, முதல் தடவை தொழிற்சாலை என்றார். இரண்டாம் தடவை ராங் நம்பர் என்றார். ஏன் பொய் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. தான் சொன்னது சரி என்றால் பொய் எதற்கு? அந்தக் கேள்வியைக் கிட்டே வர விடாமல் ஃபிலிமை அலமாரியின் மேல்தட்டில், பழைய போர்வைக்கு அடியில் வைத்தார்.

அதன் பிறகு அவர் வீட்டில் குழந்தையின் வலது கையைப் பார்ப்பதைத் தவிர்க்க ஆரம்பித்தார். பந்தை உருட்டினால் இடது பக்கமாக உருட்டினார். அவள் அழகாகப் பிடித்தாள். பார், எப்படிப் பிடிக்கிறாள் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பதினைந்தாவது மாதத்தில் தடுப்பூசி போடப் போனார்கள். அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தாள். வலது காலின் நுனியை மட்டும் ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். நர்ஸம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்க விட்டுப் பார்த்தார். மூடிய கையைப் பிரித்துப் பார்த்தார். அது லேசில் பிரியவில்லை.

"எத்தனை மாசமா இப்படி? ரெண்டு பேரும் படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, என்ன பண்ணிட்டு இருந்தீங்க இத்தனை நாளும்?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சுவரில் இருந்த அட்டவணையைப் படித்தார். நர்ஸம்மா அங்கேயே ஒரு கடிதம் எழுதி, குழந்தைகளுக்கான நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். பழைய படம் எதுவானாலும் எடுத்துப் போகச் சொன்னார்.

நரம்பு டாக்டர் ஓர் அம்மாள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதை மேஜையில் தேடுகிறவர். குழந்தையைச் சோதித்து முடித்ததும், மனைவியையும் குழந்தையையும் பயிற்சி அறைக்கு அனுப்பி வைத்துவிட்டு, ஃபிலிமைக் கேட்டார். அவர் கொடுத்தார்.

"இது எங்க குழந்தையோட படம் இல்ல டாக்டர்."

டாக்டர் கோபப்படவில்லை. எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். தொழிற்சாலையில் அறிக்கை எழுதுவது போல அவர் வரிசையாகச் சொன்னார்: கறுப்பு, வெள்ளை, எழுத்து இடம் மாறியது, சோர்ந்த கை எது, சோர வேண்டிய கை எது. டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இவ்வளவு கவனமா ஒரு அப்பா படம் பார்த்து நான் பார்த்ததில்ல" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அது அவருக்கு உள்ளே போய்த் தைத்தது பிறகு. "நீங்க வெல்டிங்கை எந்தப் பக்கம் நின்னு பார்ப்பீங்க?"

"எழுத்து வச்ச பக்கம்."

"நாங்க கால்மாட்டுல நின்னு பார்ப்போம். குழந்தை மல்லாந்து படுத்திருக்கா. நீங்க அவ கால்கிட்ட நிக்கிறீங்க. அவளோட இடது கை உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கும்?"

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் வைத்துப் பார்த்தார். பதில் உடனே தெரிந்துவிட்டது.

"வலது பக்கம்."

"அதனாலதான் எழுத்து அங்க இருக்கு. உலகத்துல எல்லா இடத்துலயும் அப்படித்தான் வைப்பாங்க."

பழுது இடது மூளையில்தான். சோர்ந்தது வலது கைதான். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ரசீதுப் பெண் சொன்னதும் சரி. அது அப்படித்தான் இருக்கும். கறுப்பும் வெள்ளையும் ஒரே இடத்தை இரண்டு முறையில் எடுத்ததால் வந்தது. அங்கே நிரம்பியிருப்பது தண்ணீர் போன்ற ஒரு திரவம், ஒரு முறையில் கறுப்பாகவும் மற்றதில் வெள்ளையாகவும் தெரியும் என்றார் டாக்டர். பிறப்பதற்குச் சற்று முன்போ பிறக்கும்போதோ, மூளைக்கு ரத்தம் கொண்டு போகிற ஒரு மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. ரத்தம் கிடைக்காத இடம் கரைந்து, அங்கே திரவம் தங்கிவிட்டது. அது வளராது, பரவாது; போன இடம் திரும்பவும் வராது. ஆனால் மீதி மூளை நன்றாக இருக்கிறது, அதற்கு வேலை கற்றுக் கொடுக்கலாம். வலிப்பு வந்தால் மட்டும் உடனே ஓடி வர வேண்டும்.

"ஏழு மாசம் போயிடுச்சே டாக்டர். அதனால எவ்வளவு நஷ்டம்?"

"சின்ன வயசுல ஆரம்பிச்சா நல்லது. அப்பவே வந்திருந்தா கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"அதை என்னால அளந்து சொல்ல முடியாது."

மில்லிமீட்டரில் கால் பங்கை அளந்து எழுதுகிறவர். ஒரு அளவு கிடைத்திருந்தால் அதைச் சுமந்துகொண்டு போயிருப்பார். அளவில்லாததை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

மனைவி உள்ளே வந்ததும் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, அவளுக்கும் முதலிலிருந்து சொன்னார். இது யாரும் ஏதும் செய்ததால் வந்ததில்லை, கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதாலோ நடந்ததாலோ வந்ததில்லை என்றும் சொன்னார். மனைவி படத்தைப் பார்க்கவில்லை. டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையைப் பிடிச்சு இழுத்தா இப்படி ஆகுமா டாக்டர்?"

"எப்போ இழுத்தீங்க?"

ஆறாவது மாதம். குளிப்பாட்டும்போது சோப்பு வழுக்கிக் குழந்தை கைநழுவியது. விழாமல் இருக்க வலது கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினாள். தோளில் ஏதோ சத்தம் கேட்டது போல இருந்தது. குழந்தை வெகுநேரம் அழுதது. தலையில் குறையில்லை, கையில்தான் ஏதோ என்று கணவர் சொன்ன நாளிலிருந்து, அந்தச் சத்தம் காதிலேயே இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன நினைப்பாரோ என்று பயம்.

"அது இதுக்குக் காரணமே இல்லம்மா. நீங்க பிடிக்காம விட்டிருந்தாதான் அடிபட்டிருக்கும்."

மனைவி அழுதாள். சத்தமில்லாமல், குழந்தையின் சட்டையைச் சரி செய்துகொண்டே அழுதாள். அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். கை நீட்டித் தொடுகிற தூரம். தொடவில்லை. தலையில் குறையில்லை என்று தான் சொன்ன ஒரு வார்த்தை, குறையைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்திருக்கிறது. அந்தப் படத்தைத் தங்கள் குழந்தையின் படம்தான் என்று நம்பியிருந்தால் ஏழு மாதத்துக்கு முன்பே ஒரு டாக்டர் இதே வார்த்தையை அவளுக்குச் சொல்லியிருப்பார். அவளுக்கு விடுதலைச் சீட்டு அன்றைக்கே வந்துவிட்டது. அவர்தான் அதைப் போர்வைக்கு அடியில் வைத்தார்.

வெளியே நடைபாதையில் ஒரு பெஞ்சு. குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரல் லேசாகிவிட்டிருந்தது.

"அப்போ அது நம்ம படம்தானா? அந்த ஸ்கேன் எடுத்தவங்க அன்னைக்கே ஒழுங்கா விளக்கியிருந்தா இவ்வளவு நாள் போயிருக்காது. எதைக் கேட்டாலும் அப்படித்தான் இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்கன்னு சொன்னீங்களே. அவங்களச் சும்மா விடக் கூடாதுங்க."

தப்பித்துப் போக வாசல் திறந்தே இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பழி பெயர் தெரியாத ஒரு ரசீதுப் பெண்ணின் தலையில் போய் விழும். அவளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. மனைவியே கையில் எடுத்துக் கொடுக்கிறாள்.

"அவங்க மேல தப்பு இல்ல" என்றார். "எழுத்து சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பாப் படிச்சேன்."

"நீங்களா?"

"ஆமா. அப்புறம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரில இருந்து ஃபோன் வந்துச்சு. வாங்கன்னு கூப்பிட்டாங்க. நான் உன்கிட்ட வேற சொல்லிட்டேன்."

தரையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்த பெண் இவர்கள் காலடிக்கு வந்ததும், இருவரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் தாண்டிப் போன பிறகும் மனைவி காலை இறக்கவில்லை.

"ஏழு மாசமா அந்தக் கையைத் தொட்டு இவளத் தூக்க எனக்குப் பயம்" என்றாள். "அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத்தான் தூக்குவேன். நீங்க பார்த்ததில்லையா?"

பார்த்ததில்லை.

"இனிமே எதுவா இருந்தாலும் ரெண்டு பேரும் போய்க் கேட்போம். நீங்க படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டாம்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு. அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். சாப்பாடு எடுத்து வைத்தாள், குளிக்க வெந்நீர் இருக்கிறது என்றாள். தொழிற்சாலையில் தலைமை வெல்டர் குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். படத்தைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று இவர் சொன்னார், முழுக்கச் சொன்னார். இருபது வருடக் கடனுக்குத் தலைமை வெல்டருக்கு அன்று நல்ல சந்தர்ப்பம். என்ன சொன்னாலும் இவர் வாங்கிக்கொண்டிருப்பார். அவர் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு, "காலையில ஷிஃப்ட் மாத்தணும்னா சொல்லுங்க, நான் பேசறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஷிஃப்ட் மாற்றித்தான் வாங்கினார். பயிற்சி அறையில் ஒரு துணி உறை கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் நல்ல கையை அதில் போட்டுக் கட்டிவிட வேண்டும். அப்போதுதான் குழந்தை மற்ற கையால் எதையாவது செய்யப் பார்க்கும். முதல் நாள் அவள் வீட்டையே இரண்டாக்கினாள். உறையைக் கடித்தாள், அவர் மார்பில் தலையால் முட்டினாள். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அழுகை எல்லாத்தையும் நானே வாங்கிக்கிறேன். நீ ஆபீசுக்குக் கிளம்பு" என்றார்.

"வாங்கிக்கோங்க" என்றாள் மனைவி. "ஆனா அதனால எல்லாம் கழிஞ்சு போயிடும்னு நினைச்சுக்காதீங்க."

அவர் நினைக்கவில்லை. மரக்கட்டையை மேஜையில் வைப்பார். அவள் மூடிய வலது கையால் அதைத் தள்ளி விழ வைப்பாள். எடுத்து வைப்பார். மறுபடி தள்ளுவாள். ஒரு நாள் கட்டைவிரல் தானாக வெளியே வந்தது, மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த இரண்டு வாரமும் வரவில்லை. டாக்டரிடம் போகும்போதெல்லாம் மனைவிதான் கேள்விகள் எழுதிய காகிதத்தை எடுத்துப் படித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

மூன்றாவது மாதத்தில் குழந்தை ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். காலையில் அப்பா உறையோடு வருகிற காலடிச் சத்தம் கேட்டதுமே இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துக்கொள்வாள். ஒளித்துவிட்டு, மூடிய வலது கையை அவர் முன்னால் நீட்டுவாள், வேண்டுமானால் இதைக் கட்டிக்கொள் என்பது போல. முதல் தடவை அதைப் பார்த்தபோது மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அப்பனுக்கேற்ற பெண், எதை எங்கே ஒளிப்பது என்று இதற்கும் தெரிந்திருக்கிறது என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. உறையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அவளாகவே அந்தக் கையை வெளியே எடுக்கட்டும் என்று காத்திருந்தார்.